நேர்ச்சைக்குப் போன எட்டாவது புத்தகம்

கோபம் வந்தால் என் வாயிலிருந்து முதலில் விழுவது ஒரே ஒரு வசவுதான்: "கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" கடையில் ஆதார் கார்டைத் தலைகீழாக நீட்டுகிறவரிடம் மனசுக்குள் சொல்வேன். வீட்டில் வாய்விட்டே சொல்வேன். அன்றைக்குச் சாயங்காலம் என் மகளிடம் சொன்னேன். அவள் மேசையில் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் இடப்பக்கம் நின்று டீ டம்ளரை நீட்டிக்கொண்டே இருக்கிறேன், வாங்குகிற வழியாக இல்லை. கை சுட்டது, வசவு வந்துவிட்டது. அவள் தலையை முழுக்கத் திருப்பி டம்ளரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆமாப்பா. அந்தப் பக்கம் பத்து நாளா தெரியல."

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

மறுநாள் காலை செம்பூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போகும்போது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அம்மா முன் சீட்டில் இருந்தாள். பிள்ளை என் காதுக்கு அருகே வந்து, "சொன்னா அம்மா புக்க நிறுத்திருவா" என்றாள். திட்டலாம் என்றால், நேற்றுத் திட்டிய வார்த்தையே இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. மகள் படிப்பது செம்பூரில், இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், சண்டை போடுவதானால் இந்திக்குத் தாவிவிடுவாள். அவள் வகுப்பில் அணுசக்தி நகரிலிருந்து வரும் ஒரு பிள்ளையிடம் ஜப்பான்காரர்களின் படக்கதை ஒன்று எட்டுப் புத்தகமாக இருந்தது. இங்கிலீஷில் போட்டது. அதை ஒவ்வொன்றாக இரவல் வாங்கிக்கொண்டு வருவாள். எழுத்து எறும்பு அளவு. மைனஸ் பன்னிரண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கால் பக்கத்தைத் தேய்ப்பாள். பார்க்கச் சகிக்காமல் நான்தான் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய தாளில் பெரிதாக்கிக் காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். சட்டப்படி தப்புதான். தெரிந்துதான் செய்தேன். முதல் புத்தகத்துக்கு இடப்பக்கம் துளை போட்டுவிட்டு, "அரே அப்பா, இது வலப்பக்கத்துலேர்ந்து படிக்கிறது!" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவு செய்தவன் அதில் ஒரு வரி படித்தேனா என்றால் இல்லை. பெரிய கண்ணும் குட்டைப் பாவாடையுமாக ஒரு பொம்மை, சுற்றி நட்சத்திரம், பூ. போதாதா? என் மனைவிக்கோ அந்தப் புத்தகங்களைக் கண்டாலே ஆகாது. "பொம்மப் பொஸ்தகம் பாத்துப் பாத்தே கண்ணு கெட்டுச்சு" என்பது அவளுடைய தீர்ப்பு. அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தமிழ் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது. முப்பது நாளும் மார்க்கெட்டில் இந்தி பேசிப் பேரம் அடிப்பாள், அது வேறு விஷயம்.

டாக்டர் இந்தியில் சொன்னார். மைனஸ் பவர் ரொம்பக் கூடுதலாக இருப்பவர்களுக்கு விழித்திரை மெலிந்து போகுமாம், சுவரில் ஈரம் ஏறினால் பெயின்ட் உரிந்து தொங்குமே, அப்படிக் கழன்றுவிட்டதாம். படிப்பதால் இது வராது என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் அதை மனைவிக்குத் தமிழில் மூன்றாம் தடவையாகச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர், "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் வேலை சுலபம் என்றார். எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் காற்று மாதிரி ஒரு வாயுவை அடைத்திருக்கிறார்கள், அது மேலே மிதந்து விழித்திரையை ஒட்ட வைக்கும், அதற்குப் பிள்ளை பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும் என்றார்கள். சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் எழுந்தாலும் தலை குனிந்தே இருக்க வேண்டும். மற்றக் கண்ணால் படிக்கலாமா என்றால் அதுவும் கூடாது, ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும். கட்டுக்கு மேல் கண்ணாடியும் போட முடியாது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு சாணுக்கு அப்பால் உலகமே கிடையாது.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் தோல்பை தைக்கிறவர் ஒருவர் தடித்த ஃபோமை வட்டமாக வெட்டி, நடுவில் முகத்துக்கு ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். கட்டில் ஓரத்தில் அதை வைத்து, அதில் முகத்தைப் புதைத்து, தரையைப் பார்த்தபடி என் மகள் கிடந்தாள். பார்க்க வந்தவர்கள் அவள் முதுகோடு பேசினார்கள். கேரட் கொடுங்கள் என்றார் ஒருவர். போன் பார்த்திருப்பாள் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள் என் மனைவி.

இரண்டாம் நாள் மதியம் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "அப்பா, போர் அடிக்கி. நீ படியேன்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், அப்ளிகேஷன் ஃபார்ம் நிரப்புகிற இங்கிலீஷ். இருந்தாலும் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்தேன். மேலே ஓட்டைக்குள் கட்டுப் போட்ட கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"முதல் கட்டத்துல என்ன இருக்கு?"

"ஒரு பிள்ள ஓடுது."

"எப்படி ஓடுது?"

"காலாலதான் ஓடுது."

"அப்பா! மூஞ்சி எப்படி இருக்கு?"

"மூஞ்சி மாதிரி இருக்கு. கம்முனு கெட, அடுத்ததச் சொல்லுதேன்."

"இல்ல. பஸ் கரோ, போதும். நீ சொல்றது ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி இருக்கு."

ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் மூஞ்சியை உற்றுப் பார்த்தேன். வாயில் பாதி ரொட்டி, ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே, கண்ணில் 'இன்னைக்கும் லேட்' என்கிற பயம். அதை அப்படியே சொன்னேன். கட்டிலில் சிரிப்புக் கேட்டது.

கதை இதுதான். சலவைக்கடைக்காரர் மகள், ஏழாம் வகுப்பு. கொடியில் துணி போடும்போது ஒரு சிட்டுக்குருவி வந்து மரக் கிளிப் ஒன்றைக் கொடுக்கிறது. அதைத் தலைமயிரில் குத்திக்கொண்டு மந்திரம் சொன்னால் அவள் மாயக்காரியாகிவிடுவாள். பளபளவென்று சட்டை, ரிப்பன், முழங்கால் வரை பூட்ஸ். ஆனால் எட்டுப் புத்தகத்திலும் ஒரு தடவைகூட அவள் ஒழுங்காக மாறியது கிடையாது. மந்திரம் பாதியில் மறந்துவிடும். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் பாத்ரூம் செருப்போடு வந்து நிற்பாள். எப்போதும் லேட். வந்ததும் எதிரிக்கு இடுப்பு வளையக் கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்பாள், பிறகுதான் சண்டை. "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, ஆனா வந்துட்டேன்" என்று எதிரியிடமே சொல்லுவாள். எந்த ஊரில் வீராங்கனை இப்படிச் சொல்கிறாள்?

எதிரிகளும் மலையைப் பெயர்க்கிற அரக்கர்கள் இல்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் ஒற்றைச் சாக்ஸை மட்டும் திருடுகிற ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எல்லாரையும் சிணுங்க வைக்கிற ஒரு சாம்பல் மேகம். இவள் யாரையும் கொல்ல மாட்டாள். திட்டுவாள், அழ வைப்பாள், அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போடுவாள். மூன்றாம் புத்தகத்தில் அந்த மேகம் சலவைக்கடைக்கே வந்துவிடுகிறது. 'பிறந்ததிலிருந்தே நான் சுருங்கித்தான் இருக்கிறேன், என்னைத் தேய்த்துத் தர முடியுமா' என்று கேட்கிறது. இவள் மேகத்தை மேசையில் படுக்க வைத்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் 'சுடுதா? சுடுதா?' என்று கேட்டுக் கேட்டுத் தேய்க்கிறாள். இரண்டு பக்கம் முழுக்க அதுதான். நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். என்னப்பா என்றாள் மகள். கண்ணாடியைத் துடைக்கிறேன் என்றேன்.

அன்றைக்குத்தான் புரிந்தது, கண் தெரியாததை அவள் பத்து நாள் மறைத்தது எதற்காக என்று. நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். ஐம்பது வயது ஆம்பிள்ளை, ஜெராக்ஸ் கடைக்காரன், ஒரு குட்டைப்பாவாடைப் பொம்மைக்காகச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கடையில் கூட்டம் நிற்கும்போதே நாலாம் புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டிப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டேன். "அண்ணாச்சி, வீட்டு சர்வேக்குப் பேப்பர் கொடுக்கணும், சீக்கிரம்" என்று ஆட்கள் கத்துவார்கள். இவள் அங்கே கோபுரத்து உச்சியில் மந்திரத்தின் இரண்டாம் பாதியை யோசித்துக்கொண்டிருப்பாள்.

பத்து நாளில் ஏழு புத்தகம் முடிந்தது. எட்டாவதை மட்டும் அவள் இன்னும் படித்திருக்கவில்லை, கட்டு அவிழ்த்த பிறகு அவளே படிப்பாள் என்று கடையில் வைத்திருந்தோம். கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் விரலைக் காட்டினார். "மூணு" என்றாள். மங்கல்தான், ஆனால் மூன்று. என் மனைவி அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக அம்மன் கோயிலுக்குப் போனோம். மனைவி வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு சின்னக் கண்களைப் பூசாரியின் தட்டில் வைத்தாள். கண்மலர் நேர்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும், நான்தான் தாதரில் வாங்கி வந்தேன். தெரியாதது வேறொன்று. விபூதி பூசிவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே நீ அந்தப் பொம்மப் பொஸ்தகத்தத் தொடக்கூடாது மக்கா. ஆபரேஷன் அன்னைக்கு ஆத்தாட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். கண்ணக் கொடுத்துட்டா பாத்தியா."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன், கோயிலுக்குள் நின்றுகொண்டு? வாசலில் செருப்புப் போடும்போதே ஆரம்பித்துவிட்டேன். "நேந்துக்கிட்டது நீ, விடுறது அவளா? ஒன் டீய விட்டிருக்கலாம்லா? மீன விட்டிருக்கலாம்லா?"

"டீயும் மீனும் ஆத்தாளுக்குப் பெருசா? பெருசாக் கேட்டா பெருசாத்தான் கொடுக்கணும். என்னட்ட விடுறதுக்குப் பெருசா என்ன இருக்கு, சொல்லுங்க?"

யோசித்துப் பார்த்தேன். சமையல், துணி, மார்க்கெட், வெள்ளிக்கிழமை கோயில். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் இருந்ததிலேயே பெரிய ஆசை மகளுடையதுதான். அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். படிப்பதால் வராது என்று டாக்டர் சொன்னதை நாலாம் தடவை சொன்னேன். "அப்ப எதனால வந்துச்சு?" என்றாள்.

மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் ஏழு ஸ்பைரல் புத்தகத்தையும் அவளே ஒரு பையில் போட்டு, கடைக்குக் கொண்டுவந்து, எட்டாவதோடு சேர்த்து வை என்று கொடுத்தாள். நான் குரலைத் தாழ்த்தி, "நீ தொடக்கூடாதுன்னுதான வாக்கு? நான் கதைய மட்டும் சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம்ப்பா."

"அம்மாவுக்குத் தெரியாது பிள்ள."

"தெரியாட்டியும் வேண்டாம். நாளைக்குக் கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா, வாக்கு தப்பினதாலன்னு அம்மா நெனப்பா. தாங்க மாட்டா."

பதின்மூன்று வயது. நான் அவளைத் திருட்டுத்தனத்துக்குக் கூப்பிடுகிறேன், அவள் எனக்குப் புத்தி சொல்கிறாள்.

எட்டாவது புத்தகத்தை நான் லோக்கல் ட்ரெயினில் படித்தேன். டோனர் வாங்க மஸ்ஜித் பந்தர் போகும் வழியில், கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டு. அந்தக் கிளிப் அவளுக்கு வந்ததே விலாசம் மாறி வந்ததாம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போயிருக்க வேண்டியதாம் என்று குருவி வந்து சொல்கிறது. இவள் அழுதுவிட்டு, சரி என்று ஒரு பெட்டி இனிப்போடு கிளிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். போகிற வழியில் வழக்கம்போலப் படியில் உருண்டு விழுகிறாள். கடைசியில் கதவைத் திறந்த பக்கத்து வீட்டுப் பெண், 'எனக்கு டியூஷன் இருக்கு, நீயே வெச்சுக்கோ' என்று இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். இந்தச் சிரிப்பு என்னுடையது இல்லை. அவளுடையதை நான் தின்றுவிட்டேன். அன்று வீட்டில் அவள் சாப்பிடும்போது, "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். எது என்றேன். ஒண்ணுமில்லப்பா என்றாள்.

இரண்டு மாதம் அவள் வாக்கைக் காத்தாள். அந்தப் புத்தகத்தின் பெயரைக்கூட வாயில் எடுக்கவில்லை. வகுப்புத் தோழி வேறு புத்தகம் நீட்டியபோதும் வாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷோடு வந்து நின்றாள். "அப்பா, அந்தப் பக்கம் திரும்பவும் திரை மாதிரி மறைக்குது." இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூட மறைக்கவில்லை.

மறுபடியும் கழன்றிருந்தது. உள்ளே தழும்பு வளர்ந்து இழுத்துவிட்டது, சிலருக்கு இப்படி ஆகும், யார் தப்பும் இல்லை என்றார் டாக்டர். இந்தத் தடவை வாயுவுக்குப் பதில் எண்ணெய் அடைக்க வேண்டும் என்றார். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன். கையை விரித்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் மனைவி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசையவில்லை. எனக்குள் ஒரு சாத்தான் உண்டு. "இன்னைக்கு ஒண்ணும் நேரலியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியை இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மறுபடியும் ஃபோம் வட்டம், மறுபடியும் குப்புற. இந்தத் தடவை பிள்ளை போர் அடிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாட்டுப் போடவா என்றால் வேண்டாம், பேசவா என்றால் வேண்டாம். நான் கடைக்குப் போவதும் பாதியில் ஓடி வருவதுமாக இருந்தேன். ஓடி வந்து என்ன செய்துவிட்டேன்? அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். கடைக்கு அவள் வருவதே அபூர்வம்.

"அந்தக் கடைசிப் பொஸ்தகத்த எடுங்க."

"நேர்ச்ச?"

"போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"யாருட்ட?"

"அவட்டதான். எம்பிள்ள ஒனக்குக் கொடுத்த வாக்க ஒரு நாளு மீறல, நீதான் மீறிட்ட, இனி அவளுக்கும் ஒனக்கும் பேச்சு இல்லன்னு சொல்லிட்டேன்."

கூட்டத்தில் தமிழ் தெரியாதவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அவள் கைக்குள் குங்குமப் பொட்டலம் இருந்தது. சண்டை போட்டுவிட்டுப் பிரசாதமும் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். நான் மேல்தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். மதியம் நான் வந்து படிக்கிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டாள்.

மதியம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் மனைவி கட்டிலுக்கு அடியில் தரையில் மல்லாந்து கிடந்தாள், புடவையைக் காலோடு சுற்றிக்கொண்டு. அந்தப் பெரிய புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் ஒரு எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு குருவி வந்திருக்கு. குருவிக்கு என்னமோ கோவம். இந்தப் பிள்ள அழுதா. பாவம், மூக்கெல்லாம் ஒழுகுது. இப்ப நல்ல சட்டையெல்லாம் போட்டுட்டு எங்கயோ பொறப்பட்டுட்டா. கையில பெட்டி. கல்யாணத்துக்கோ என்னமோ."

"கல்யாணமா?" என்றாள் மகள். நாலு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான்.

"இருக்கும். ஐயோ, படியில விழுந்துட்டா. நல்ல அடி. பெட்டி ஒரு பக்கம், இவ ஒரு பக்கம்."

"அப்புறம்?"

என் மனைவி பக்கத்தைப் புரட்டினாள். "அவ அம்மா வந்துட்டா."

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். படி, சிதறிய இனிப்பு, இன்னும் திறக்காத கதவு. அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் அதில் கிடையாது. நான் வாசலிலேயே நின்றேன்.

"அம்மா என்ன சொல்லுதா?"

என் மனைவி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லல. பக்கத்துல வந்து நிக்கா. என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியல."

என் மகள் கட்டிலிலிருந்து ஒரு கையைக் கீழே தொங்கவிட்டுத் தடவினாள். அம்மாவின் நெற்றி அகப்பட்டது.

"பரவால்லம்மா. அடுத்த கட்டத்தச் சொல்லு."